உச்சியில் வழி இருந்தும் காற்று வெளியேறவில்லை: கூரைக் காற்றோட்டச் சாதனங்களும் பொருத்தும் பணியும் – ஒரு மதிப்புரை

ஒரே கூரையில் ஆறு ஆண்டுகளுக்குள் பல விதமான காற்றோட்டச் சாதனங்களைப் பொருத்திப் பார்த்துவிட்டேன். முதலில், கடைகளில் டர்போ வென்டிலேட்டர் என்ற பெயரில் விற்கும் சுழலிகள் இரண்டு. அடுத்து, சோலார் தகட்டின் மின்சாரத்தில் ஓடும் பரண் மின்விசிறி ஒன்று. கடைசியாக, முகட்டின் நீளம் முழுவதும் செல்லும் காற்றுப்பட்டையும், அதற்கு ஈடாக இறவாரத்தின், அதாவது சுவரைத் தாண்டி வெளியே நீளும் கூரை ஓரத்தின், அடியில் பதிக்கும் துளைப்பட்டையும். இவற்றுள் எது எப்படி வேலை செய்தது, பொருத்தியவர்கள் எதைச் சரியாகச் செய்தார்கள், எதைக் கோட்டைவிட்டார்கள் என்பதை எழுதிவைத்தால், கூரையைப் பற்றி இனிமேல் முடிவெடுக்கவிருக்கும் வீட்டுக்காரர்களுக்கு உதவும் என்று நம்புகிறேன். சாதனத்தின் தரத்தைவிட அவை ஒன்றோடொன்று சேர்ந்த முறைதான் பலனைத் தீர்மானித்தது என்பதால், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே மதிப்பெண் போட்டுவிட்டு நகர என்னால் முடியவில்லை.

கூரையின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். இருபுறமும் சரிவு, முகடு 10 மீட்டர் நீளம், கைமரங்களின் மேல் பிளைவுட் அடித்து, அதன் மேல் ஷிங்கிள்ஸ் என்னும் மெல்லிய ஓடுகளை ஆணியடித்துப் பதித்திருக்கிறார்கள். அறைகளுக்கு மேலே சமதளமான உள்கூரை இருக்கிறது. அதற்கும் சரிவுக்கும் இடைப்பட்ட பரண் ஏறத்தாழ 90 சதுர மீட்டர் பரப்புடையது. நடுவில் 2 மீட்டர் உயரம், ஓரங்களுக்குப் போகப் போகக் குனிந்து, பிறகு படுத்துத்தான் போக முடியும். உள்கூரையின் மேல் கண்ணாடி நார்ப் பஞ்சு விரித்திருக்கிறது. வீடு கட்டியபோது இந்தப் பரணுக்குள் காற்று வந்து போவதைப் பற்றி யாரும் கேட்கவும் இல்லை, எனக்குக் கேட்கத் தெரியவும் இல்லை.

பிரச்சினை இரண்டு முகங்களில் வந்தது. கோடையில், பிற்பகல் இரண்டு மணிக்குப் பரணின் மூடியைத் தூக்கினால், அடுப்பின் வாயைத் திறந்ததைப் போல அனல் முகத்தில் அடிக்கும். வெளியே 36 டிகிரி செல்சியஸ் இருந்த ஒரு நாளில், கைமரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்த வெப்பமானி 57 காட்டியது. இந்த வெப்பம் பொழுது சாய்ந்ததும் அடங்கிவிடுவதில்லை; மரமும் பலகையும் பஞ்சும் பகலெல்லாம் குடித்த சூட்டை இரவு பத்து மணி வரைக்கும் படுக்கையறை உள்கூரையின் வழியாகக் கீழே இறக்கிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் உள்கூரையில் கையை வைத்தால் சுவரைவிட அது சூடாக இருப்பது கைக்கே தெரியும்.

வெப்பத்தை உடல் உடனே சொல்லிவிடுகிறது. ஈரத்தை யாரும் சொல்வதில்லை. குளிர்கால விடியல் ஒன்றில், மின்கம்பி ஒன்றைத் தேடிப் பரணுக்குள் ஏறியபோதுதான் அதைப் பார்த்தேன். ஷிங்கிள்ஸ் அடித்த ஆணிகளின் நுனிகள் பலகையைத் துளைத்துக்கொண்டு உள்ளே நீட்டிக்கொண்டிருந்தன. டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு நுனியிலும் ஒரு நீர்த்துளி நின்று மின்னியது. நுனிகள் துருவேறியிருந்தன; ஒவ்வோர் ஆணியைச் சுற்றியும் பலகையில் காசளவு கருவளையம் விழுந்திருந்தது; வடக்குச் சரிவின் அடிப்பக்கத்தில், கை வைத்தால் ஒட்டிக்கொள்ளும் கரிய பூஞ்சணம் படர்ந்திருந்தது. மழை பெய்து வாரங்கள் ஆகியிருந்தன. கூரை ஒழுகவே இல்லை. அந்தத் தண்ணீர் வீட்டுக்குள்ளிருந்து மேலே போனது.

இதை நம்பச் சற்றுக் கடினமாக இருந்ததால் கணக்கைத் தேடிப் படித்தேன். நான்கு பேர் வாழும் வீட்டில் சமையல், குளியல், துணி உலர்த்துதல், மூச்சு ஆகியவற்றால் நாளொன்றுக்குச் சுமார் 10 லிட்டர் தண்ணீர் ஆவியாகக் காற்றில் கலக்கிறது. 30 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். 10 டிகிரிக்குக் குளிர்ந்தால் அதே காற்றால் 9 கிராமுக்குச் சற்று அதிகமாகத்தான் தாங்க முடியும். கதகதப்பான அறைக் காற்று விளக்குப் பொத்தல், மின்கம்பி ஓட்டை, பரண் மூடியின் விளிம்பு என்று கிடைத்த இடுக்குகளிலெல்லாம் மேலேறி, இரவில் வானத்தைப் பார்த்துக் குளிர்ந்துகிடக்கும் பலகையைத் தொடும்போது, தாங்க முடியாத மிச்சத்தை அங்கேயே விட்டுவிடுகிறது. ஆணி இரும்பு என்பதால் மரத்துக்கு முன்பே குளிர்ந்து முதல் துளியைத் தாங்குகிறது. மரத்தின் ஈரப்பதம் தொடர்ந்து 20 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் உளுத்துப்போகும் அச்சமில்லை; அதைத் தாண்டி நீண்ட நாள் நின்றால் ஆபத்து. என் வடக்குச் சரிவில் ஈரமானி 24 காட்டியது.

இப்போது சாதனங்களுக்கு வருகிறேன். உண்மையில் அந்த ஆணிகளைப் பார்ப்பதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, வெப்பத்துக்காகச் சுழலிகளைப் பொருத்தியிருந்தேன். வெங்காயம் போன்ற குமிழ் வடிவில், வளைந்த தகட்டு இதழ்களோடு, சிறு காற்றுக்கும் சுழலும் அந்தச் சாதனத்துக்கு மின்சாரம் தேவையில்லை. தயாரிப்பில் எந்தக் குறையும் சொல்ல மாட்டேன்: அலுமினிய இதழ்கள் இன்றுவரை துருப்பிடிக்கவில்லை, பேரிங் சத்தம் போடவில்லை, கடும் மழையிலும் கழுத்தைச் சுற்றி ஒரு சொட்டு ஒழுகவில்லை. தெருவிலிருந்து பார்த்தால் இரண்டும் மும்முரமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். சுற்றுவதைப் பார்த்தே வேலை நடக்கிறது என்று நம்பிவிட்டேன். பரணில் வெப்பமானி கட்டி அளந்ததெல்லாம் அதற்குப் பிறகுதான். மேலே சொன்ன 57 டிகிரி, சுழலிகள் சுற்றிக்கொண்டிருந்த நாளில் எடுத்த அளவு.

காரணம் கூரையின் உச்சியில் இல்லை, இறவாரத்தில் இருந்தது. வீட்டைச் சுற்றி இறவாரத்தின் அடிப்புறம் முழுவதும் நுண்துளையிட்ட வெண்ணிறத் தகடு அடித்திருந்தார்கள். கீழே நின்று அண்ணாந்து பார்க்கும் எவரும் காற்று உள்ளே போகத் தாராளமாக வழியிருக்கிறது என்றே சொல்வார்கள். பின்னாளில் ஒரு தகட்டைக் கழற்றிப் பார்த்தபோது, அதன் பின்னால் பழைய மரப்பலகை அப்படியே முழுதாக இருந்தது. ஓர் இடத்தில்கூட அறுக்கவில்லை. துளைத்தகட்டைப் பொருத்திய ஒப்பந்தக்காரர் பலகையின் மேல் அதை அலங்காரமாக ஒட்டிவிட்டுப் போயிருந்தார். இந்தத் தவறு என் வீட்டில் மட்டும் நடப்பதல்ல. பழைய பலகையின் மேல் புதுத் தகடு அடித்த எந்த வீட்டிலும் இதைச் சோதித்துப் பார்த்துவிடுவது நல்லது. பகல் வேளையில் பரணுக்குள் ஏறி, விளக்கை அணைத்துவிட்டு, இறவாரப் பக்கம் பாருங்கள். வெளிச்சக் கீற்று தெரியவில்லையென்றால் பெரும்பாலும் காற்றுக்கும் வழி இல்லை.

காற்று மேலே போக வேண்டுமானால், போகும் அளவுக்குக் கீழே வர வேண்டும். கேட்க மிக எளிமையாக இருக்கும் இந்தச் செய்தியை நான் பணம் செலவழித்த பிறகே புரிந்துகொண்டேன். சூடான காற்று லேசாகி எழும் விசை எவ்வளவு சிறியது என்று தெரிந்தால் இதன் முக்கியத்துவம் விளங்கும். உயரம் ஒரு மீட்டருக்கும், வெப்ப வேறுபாடு ஒரு டிகிரிக்கும், கிடைக்கும் அழுத்தம் ஏறத்தாழ 0.04 பாஸ்கல். என் பரணின் 2 மீட்டர் உயரத்துக்கும் 20 டிகிரி வேறுபாட்டுக்கும் கணக்கிட்டால் 1.6 பாஸ்கல் வருகிறது. மேசையின் மேல் சாதாரண வெள்ளைத்தாள் இரண்டை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தால், அவை மேசையை அழுத்தும் அளவு இது. அவ்வளவு மெல்லிய உந்துதலை நம்பித்தான் கூரை முழுவதும் மூச்சு விடுகிறது. அடைத்த பலகையையோ, தூசி படிந்த வலையையோ, ஓரம் வரை திணித்த பஞ்சையோ தள்ளிக்கொண்டு வர அதற்கு வலுவில்லை.

இதைப் புரிந்துகொள்வதற்கு முன்பு நான் செய்த இரண்டாவது செலவு சோலார் மின்விசிறி. இயற்கை விசை போதவில்லையென்றால் இயந்திர விசையைக் கொடுத்துவிடலாம் என்பது அன்றைய எண்ணம். மோட்டார் அமைதியாக ஓடியது. வெயில் ஏற ஏறத் தானே வேகம் கூட்டிக்கொண்டது. பரண் வெப்பமும் முதல் வாரத்திலேயே சில டிகிரி இறங்கியது. ஆனால் படுக்கையறையில் ஏசி வழக்கத்தைவிட நெடுநேரம் ஓடியது. ஒரு பிற்பகல், உள்கூரையில் பதித்திருந்த விளக்கு ஒன்றின் விளிம்பருகே, ஏணியில் ஏறி ஊதுபத்தியைப் பிடித்துப் பார்த்தேன். நேராக எழுந்துகொண்டிருந்த புகை, விளிம்புக்கு இரண்டு விரற்கடை தூரம் வந்ததும் சட்டென்று வளைந்து, ஊசியில் நூல் கோத்ததைப் போல அந்த இடுக்குக்குள் நுழைந்து மறைந்தது. இறவாரம் அடைபட்டிருந்ததால் மின்விசிறி தனக்கு வேண்டிய காற்றை என் அறையிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தது. ஏசி குளிரவைத்த காற்றைக் கூரை வழியாக வெளியே அனுப்பிக்கொண்டிருந்தேன். சுழலிகளின் பக்கம் போய்ப் பார்த்தால் அங்கும் இதே கதை. மின்விசிறி ஓடும்போது அவற்றின் வழியே வெளிக்காற்று உள்ளே இறங்கி, பரணின் உச்சியிலேயே குறுக்கு வழியில் மின்விசிறிக்குப் போய்ச் சேர்ந்தது. ஓரங்களில் தேங்கிய சூடான காற்று இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

மின்விசிறியைப் பற்றி இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். வீட்டுக்குள் புகைபோக்கியோடு இணைந்த எரிவாயு வெந்நீர்க் கொதிகலன் போன்ற ஏதாவது எரியும் சாதனம் இருந்தால், பரண் மின்விசிறி வீட்டுக் காற்றை உறிஞ்சும்போது புகைபோக்கியின் ஓட்டமே தலைகீழாகி, கார்பன் மோனாக்சைடு அறைக்குள் திரும்பக்கூடும். நிறமும் மணமும் இல்லாத நச்சு வாயு அது. உள்கூரை இடுக்குகளை அடைக்காமலும், இறவார வழியைத் திறக்காமலும் எந்த வீட்டிலும் இந்த மின்விசிறியைப் பொருத்தக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஈரத்துக்கும் அது உதவவில்லை. ஆவி படியும் இரவு நேரத்தில் சூரியன் இல்லை, மின்விசிறியும் இல்லை. ஓராண்டு முடிவதற்குள் கழற்றிவிட்டேன்.

மூன்றாவது முறை வேறொரு குழுவை அழைத்தேன். இவர்களுடைய பணியைத்தான் இந்த மதிப்புரையில் மனமாரப் பாராட்ட விரும்புகிறேன். விலைப்புள்ளி கேட்டு முன்பு வந்தவர்களெல்லாம் தெருவில் நின்று கூரையைப் பார்த்துவிட்டு எண்ணிக்கை சொன்னார்கள். இந்தக் குழுவின் தலைமைப் பணியாளர் வந்ததும் முதலில் கேட்டது பரண் மூடி எங்கே இருக்கிறது என்று. "வெளியே போற காத்து எங்கேர்ந்து வருதுன்னு மொதல்ல பாத்துடுவோம் சார்" என்று சொல்லிவிட்டு ஏறியவர், முக்கால் மணி நேரம் கீழே இறங்கவில்லை. இறவாரத்தின் பின்பக்கம் அறுபடாமல் இருந்ததைக் கண்டுபிடித்தவர் அவர்தான். அதோடு, குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேனின் குழாய் கூரைக்கு வெளியே போகாமல் பஞ்சின் மேலேயே வாய் பிளந்து படுத்திருந்ததையும் படம் எடுத்து வந்து காட்டினார். தினமும் நான்கு பேர் குளித்த ஆவியை நேராகப் பரணுக்குள் விட்டுக்கொண்டிருந்திருக்கிறோம். வடக்குச் சரிவில் பூஞ்சணம் அடர்ந்திருந்த இடம், அந்தக் குழாயின் நேர் மேலே.

அவர்கள் வகுத்த பணியின் வரிசை எனக்கு மிகவும் சரியாகப்பட்டது. கூரையைத் தொடும் முன்பு உள்கூரையை அடைத்தார்கள். விளக்குப் பொத்தல்களுக்கு மேல் வெப்பம் தாங்கும் மூடி, கம்பி நுழையும் ஓட்டைகளில் நுரைப் பசை, சுவர் உச்சியும் உள்கூரையும் சேரும் இடுக்குகளில் சீலன்ட், பரண் மூடியைச் சுற்றி ரப்பர் பட்டை என்று ஒன்றரை நாள் இதற்கே போனது. எக்ஸாஸ்ட் குழாயைக் கூரைக்கு மேலே கொண்டுபோய்த் தொப்பி மாட்டினார்கள். காற்றோட்டத்துக்கு அழைத்தால் இதென்ன ஓட்டை அடைக்கும் வேலை என்று ஒரு வீட்டுக்காரருக்குத் தோன்றலாம். ஈரம் பரணுக்குள் வருவதைக் குறைக்காமல் அதை வெளியேற்ற மட்டும் வழி தேடுவது, குழாயை மூடாமல் தரையைத் துடைப்பதற்குச் சமம். ஆகையால் என் பார்வையில் அந்த ஒன்றரை நாள்தான் மொத்தப் பணியிலும் மதிப்புமிக்கது.

பிறகு திறப்புகளின் கணக்கு. பரணின் தரைப்பரப்பில் 300இல் ஒரு பங்கு அளவுக்குத் தடையற்ற திறப்பு வேண்டும் என்ற விகிதம் பழையது. 1942இல் அமெரிக்கக் கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் வெளியிட்ட விதிகளிலேயே அது இருக்கிறது. இன்றைய கட்டட விதிகள் பலவற்றில் அடிப்படை அளவு 150இல் ஒரு பங்கு; மேல் திறப்பும் கீழ்த் திறப்பும் ஏறத்தாழச் சரிபாதியாக அமைவது போன்ற நிபந்தனைகள் நிறைவேறினால் அதை 300இல் ஒரு பங்காகக் குறைத்துக்கொள்ளலாம். என் 90 சதுர மீட்டருக்கு முதல் கணக்குப்படி 6,000 சதுர சென்டிமீட்டர், இரண்டாவது கணக்குப்படி 3,000. பழைய சுழலிகள் ஒவ்வொன்றின் கழுத்தும் 30 சென்டிமீட்டர் விட்டம். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 1,400 சதுர சென்டிமீட்டர். மேல்பாதிக்குத் தேவையான 1,500ஐ அவை கிட்டத்தட்ட எட்டியிருந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். குறை கீழ்ப்பாதியில் இருந்தது: பூச்சியம்.

இந்தக் கணக்கில் வீட்டுக்காரர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. தடையற்ற திறப்பு என்பது பட்டையின் அகல நீளம் அல்ல. வலையின் கம்பிகளும் தகட்டின் மடிப்புகளும் மறைத்தது போக எஞ்சும் வெற்றிடம். பட்டையின் அட்டையில் மீட்டருக்கு எத்தனை சதுர சென்டிமீட்டர் என்று அச்சிட்டிருப்பார்கள். அந்த எண்ணைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். என் முகட்டுப் பட்டைக்கு மீட்டருக்கு 380. 10 மீட்டருக்கு 3,800. இறவாரப் பட்டைக்கு மீட்டருக்கு 190. இருபுறமும் சேர்ந்து 20 மீட்டருக்கு அதே 3,800. இரண்டும் சேர்ந்து 7,600 என்பதால் கடுமையான 150 கணக்கையும் தாண்டிவிட்டது. கீழ்த் திறப்பு மேல் திறப்புக்குச் சமமாகவோ சற்று அதிகமாகவோ இருக்க வேண்டும் என்று தலைமைப் பணியாளர் திரும்பத் திரும்பச் சொன்னார். மேலே கூடுதலாகத் திறந்துவிட்டுக் கீழே குறைத்தால், உச்சிப் பட்டையே ஒரு பகுதியில் காற்றை உள்ளே இழுத்து இன்னொரு பகுதியில் வெளியே விடும். பெருங்காற்று அடிக்கும்போது மழைச் சாரலும் கூடவே வரும்.

இறவாரப் பலகையை நீளவாக்கில் அறுத்து வழி திறந்தவுடன் அடுத்த தடை தெரிந்தது. உள்கூரைப் பஞ்சு ஓரம் வரை தள்ளி, கூரைப் பலகையில் முட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கைமர இடைவெளியிலும் பஞ்சைப் பின்னுக்கு இழுத்து, வளைந்த நுரைத் தட்டுகளைப் பலகையின் அடியில் ஆணியடித்து, பலகைக்கும் பஞ்சுக்கும் இடையே காற்று போக ஒரு பாதையை ஏற்படுத்தினார்கள். இந்த இடைவெளி குறைந்தது 25 மில்லிமீட்டர் வேண்டும். என் வீட்டில் 40 விட்டார்கள். படுத்துக்கொண்டே, மூச்சுக் கவசத்தோடு, ஓர் இடைவெளி முடித்து அடுத்ததற்கு ஊர்ந்து செய்யும் வேலை இது. யாரும் பார்க்கப்போவதில்லை என்று விட்டுவிடக்கூடிய மூலை. ஒன்றைக்கூட விடவில்லை என்பதற்குப் பணி முடிந்ததும் எல்லா இடைவெளிகளையும் படமெடுத்துக் கொடுத்தார்கள்.

முகட்டில், உச்சிக்கோட்டின் இருபுறமும் பலகையை ஒடுக்கமாக அறுத்து, பட்டையைப் பதித்து, மேலே ஷிங்கிள்ஸ் மூடினார்கள். சுழலிகளைக் கழற்றி அந்த ஓட்டைகளை அடைத்தார்கள்; பக்கச் சுவரின் முக்கோணத்தில் இருந்த பழைய காற்றுச் சாளரங்களையும் உள்ளிருந்து மூடினார்கள். நன்றாக ஓடும் சுழலிகளை ஏன் கழற்ற வேண்டும் என்று நான் வாதாடினேன். முகட்டுக்கு அருகில் வேறொரு திறப்பு இருந்தால் காற்று இறவாரத்திலிருந்து ஏறி வராமல் அந்தக் கிட்டத்து வழியையே பிடித்துக்கொள்ளும் என்பதை, மின்விசிறி விஷயத்தில் நானே புகை வைத்துப் பார்த்திருந்ததால், வாதம் நீளவில்லை. இந்தக் குழுவிடம் நான் கண்ட ஒரே குறை, முகட்டின் ஒரு முனையில் மூடித் தகட்டைச் சரியாகப் பதிக்காமல் போனது. முதல் பெருமழையில் அங்கே ஓர் உள்ளங்கை அளவு நனைந்தது. அழைத்ததும் மறுநாளே வந்து சரிசெய்தார்கள்.

பலன் என்ன? பரணில், வெளியே அதே 36 டிகிரி இருந்த ஒரு பிற்பகலில் 47 காட்டியது. பத்து டிகிரி இறக்கம் பெரிதுதான். ஆனால் அறைக்குள் அது அப்படியே இறங்கி வந்துவிடும் என்று யாராவது வாக்குக் கொடுத்தால் நம்ப வேண்டாம். சூடான கூரைப் பலகை உள்கூரைக்கு வெப்பத்தைப் பெரும்பாலும் கதிர்வீச்சாக அனுப்புகிறது. இடையில் உள்ள காற்றை மாற்றுவதால் மட்டும் அது நிற்பதில்லை. அதனால் சில வாரங்கள் கழித்துக் கைமரங்களின் அடிப்பக்கத்தில் அலுமினியத் தாள் அடித்தேன். மரம் போன்ற சாதாரணப் பரப்பு தன் சூட்டுக்கு வெளியிடக்கூடிய கதிர்வீச்சில் 90 விழுக்காடு அளவுக்கு வெளியிடும். பளபளப்பான அலுமினியம் 5 விழுக்காடு அளவுக்குத்தான். பளபளப்பான முகம் கீழே, வெற்றிடத்தைப் பார்த்திருக்க வேண்டும். தரையில் பஞ்சின் மேல் விரித்தால் தூசி படிந்து சில ஆண்டுகளில் பலன் தேய்ந்துவிடும். தாளை முகடு வரையும் இறவாரம் வரையும் முட்டவிடாமல் இரு முனைகளிலும் இடைவெளி விட்டோம், காற்றின் பாதை அடைபடாதிருக்க. இரவு பத்து மணிக்கு உள்கூரையில் கை வைத்தால் இப்போது சுவரின் சூடுதான் தெரிகிறது. அந்த மாற்றத்தில் காற்றுக்கு எவ்வளவு, தாளுக்கு எவ்வளவு, உள்கூரை அடைப்புக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. தாளும் அடைப்பும் இல்லாமல் பட்டைகள் மட்டும் இதைச் செய்திருக்காது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன். ஷிங்கிள்ஸின் ஆயுள் கூடும் என்று விற்பனையாளர்கள் அடுக்குவதும் மிகையே. ஓட்டின் வெப்பத்தை அதன் நிறமும் வெயில் படும் திசையும் தீர்மானிக்கும் அளவுக்கு அடியில் ஓடும் காற்று தீர்மானிப்பதில்லை.

ஈரத்தில் கிடைத்த பலனுக்கு இத்தகைய தயக்கம் எதுவும் தேவையில்லை. மறு குளிர்காலத்தில், அதே விடியல் வேளையில், அதே இடத்தில் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஆணி நுனிகள் உலர்ந்திருந்தன. கருவளையங்கள் இருந்தன, அவை போகாது. ஆனால் விரலால் தடவினால் தூள்தான் ஒட்டியது, பிசுபிசுப்பு இல்லை. வடக்குச் சரிவில் ஈரமானி 14 காட்டியது. பூஞ்சணத்தைத் துடைத்தெடுத்த இடத்தில் இதுவரை மீண்டும் வரவில்லை. பலகையை மாற்ற வேண்டியிருக்கும் என்று அஞ்சிக்கொண்டிருந்த எனக்கு, இதற்காகவே மொத்தச் செலவும் தகும். பனி பொழியும் நாடுகளில் இதே ஏற்பாடு வேறொரு வகையிலும் காக்கிறது: பரண் சூடாக இருந்தால் கூரைமேல் பனி உருகி, குளிர்ந்த இறவாரத்துக்கு வந்ததும் மறுபடி உறைந்து அணைபோல நிற்கும், பின்னால் தேங்கும் தண்ணீர் ஓட்டுக்கு அடியில் ஏறிவிடும். கூரையை ஒரே சீராகக் குளிர்ச்சியாக வைத்திருந்தால் அந்த அணை எழுவது பெரிதும் குறைகிறது.

எல்லா வீட்டுக்கும் இதே பட்டைகளைப் பரிந்துரைக்க மாட்டேன். கூரைச் சரிவிலேயே நுரை பீய்ச்சிப் பரணையும் வீட்டோடு சேர்த்து அடைத்துக் கட்டிய வீடுகளில் திறப்பு வைப்பது அந்த ஏற்பாட்டையே கெடுக்கும். காட்டுத்தீ அபாயமுள்ள பகுதிகளில், காற்றில் பறந்து வரும் தணல் இந்தத் திறப்புகள் வழியாகவே வீட்டுக்குள் புகும்; அங்கே துளை 3 மில்லிமீட்டருக்கு மேற்படாத உலோக வலையோ, தணல் தடுக்கும் சிறப்புத் திறப்புகளோ அவசியம். புயல் பகுதிகளில் இறவாரத் தகடுகள் பிய்ந்துபோனால் மழை நேராகப் பரணுக்குள் அடிக்கும் என்பதால், அவற்றைப் பலமாக இறுக்குவது திறப்பளவைப் போலவே முக்கியம். தட்டையான கான்கிரீட் கூரைக்கு இந்த மதிப்புரையில் எதுவும் இல்லை.

பராமரிப்பு ஒன்றே ஒன்றுதான்; அதைத் தவறவிடக் கூடாது. இறவாரப் பட்டையின் வலையில் தூசியும் சிலந்தி நூலும் பஞ்சு போலப் படிகின்றன. இரண்டு வெள்ளைத்தாள் கனமுள்ள விசைக்கு அதுவே சுவர். ஆண்டுக்கு ஒருமுறை ஏணி வைத்து, உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, வாக்குவம் கிளீனரால் இழுத்துவிடுகிறேன். இருபது மீட்டருக்கு ஒரு காலை வேளை போதும். சென்ற முறை கிழக்கு ஓரத்தில், வலையின் மூலை தளர்ந்த இடத்தில், குளவி ஒன்று மண்கூடு கட்டத் தொடங்கியிருந்தது. கூட்டை அகற்றி, மூலையை இரண்டு ஸ்க்ரூ போட்டு இறுக்கிவிட்டு, ஊதுபத்தியைக் கொளுத்தி வலையின் அருகே பிடித்தேன். புகை தயங்காமல் உள்ளே போனது.